முத்திரை போட்ட பலகை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்ப்பதற்கு முன்பாகவே தராசுக்காரர் ஒரு சபதம் எடுத்தார்.

"இன்னும் ஆறே மாசம். என் பொண்ணு நூத்தியேழு சென்டிமீட்டரைத் தொடணும். தொட வைக்கலேன்னா நான் அப்பனே இல்ல!"

"முதல்ல பல்லைத் தேய்ங்க. சபதம் நாறுது," என்றாள் மனைவி.

நாறினாலும் சபதம் சபதம்தான். அவர் பின்வாங்கவில்லை.

தராசுக்காரர் என்பது வேலையால் வந்த பெயர். எடையளவு அலுவலகத்தில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசு, படிக்கல், அளவுகோல் எல்லாவற்றையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். முத்திரை விழுந்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பொருளை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அவரே கேட்கக் கூடாது. படிக்கல்லின் வயிற்றைக் குடைந்தவன், தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியவன், அளவுகோலின் நுனியைச் சீவியவன் என்று இருபது வருஷத்தில் அத்தனை எத்தர்களையும் பிடித்தவர். தன் கண்ணில் மண்ணைத் தூவ ஒரு ஆள் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் வேறு. கால்கிலோ.

உயரம் நூற்றைம்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் வரிசையில் எப்போதும் அவர்தான் முதல் ஆள். படிப்பு வரிசையில் இல்லை, உயர வரிசையில். மனைவி அவரைவிட இரண்டு விரற்கடை அதிகம். கல்யாண போட்டோவில் அவர் ஒரு பலகையின் மேல் நிற்கிறார். போட்டோவில் பலகை தெரியாது. மனைவிக்குத் தெரியும். அந்தப் பலகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, முகம் கழுவும் தொட்டிக்கு முன்னால். அந்த இடத்துக் கண்ணாடியை முன்பு குடியிருந்த ஆறடி ஆசாமி சுவரில் அசையாதபடி பதித்துவிட்டுப் போய்விட்டார். பலகைமேல் ஏறி, குதிகாலையும் தூக்கினால்தான் தராசுக்காரருக்குத் தன் மோவாய் தெரியும். முப்பது நாளில் பத்து நாளாவது மோவாயில் வெட்டுக்காயம் இருக்கும்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது மகள் விஷயம்.

மகளுக்கு நாலரை வயது. அம்மா வைத்த செல்லப்பெயர் கடுகு. அந்தப் பெயர் தராசுக்காரருக்குப் பிடிக்கவே பிடிக்காது. முந்தின நாள் சனிக்கிழமை, வழக்கம்போலப் பக்கத்து வீட்டுப் பூட்டுக்காரரோடு கேரம் விளையாடப் போயிருந்தார். கடுகு பிறந்த அதே மாதம் பிறந்த பையன் ஒருவன் அங்கே இருக்கிறான். தெருவே அவனை ஏணி என்றுதான் கூப்பிடும். விளக்கு வேண்டும் என்று பூட்டுக்காரர் சொல்ல, ஏணி எழுந்து போய், எம்பாமல், எக்காமல், சுவிட்சைத் தட்டினான். தராசுக்காரர் கையிலிருந்த காய் நழுவியது. பையில் எப்போதும் வைத்திருக்கும் நாடாவை எடுத்து அங்கேயே அவனை அளந்தார். நூற்றுப் பதின்மூன்று. வீட்டுக்கு ஓடி வந்து கடுகை அளந்தார். நூற்று இரண்டு.

பல் தேய்த்துவிட்டு வந்த பிறகும் அவர் குரலில் இழவு வீட்டுச் சாயல் இருந்தது.

"பதினோரு சென்டிமீட்டர்மா! அந்தப் பதினொண்ணு எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அவன் வீட்ல எல்லாரும் உயரம். நம்ம வீட்ல..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "போன வாரம் நர்ஸம்மா என்ன சொன்னாங்க? பிறந்ததுலேருந்து ஒரே கோட்டுல ஏறிக்கிட்டு வர்றா, கவலைப்பட ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்களா இல்லையா?"

"கோடு சரிதான். கோடு கீழ இருக்கே!"

"அட்டையைத் திருப்பிப் பாருங்க."

குழந்தைகள் மருத்துவமனை கொடுத்த அட்டை அது. முன்பக்கம் 'வளர்ச்சி' என்று தலைப்பு. உயரம், எடை, மேலே ஏறும் கோடுகள். பின்பக்கம் 'மேம்பாடு', இந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்யும் என்று ஒரு பட்டியல், எதிரே கட்டம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நர்ஸம்மா இரண்டு பக்கத்தையும் நிரப்புவார். தராசுக்காரர் முன்பக்கத்தைக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிப் பாதுகாத்து வைத்திருந்தார். பின்பக்கம் அவருக்கு வெறும் அட்டை.

"என்ன இருக்கு இதுல? ஒத்தைக் கால்ல நிக்கிறா. சரி. அது உன் பரம்பரை. பட்டன் போடுறா. கதை சொல்றா. ஏன், எதுக்குன்னு கேக்குறா. இதையெல்லாம் எந்த முழக்கோல்ல அளக்கிறது?"

"அளக்க முடியலேன்னா அது இல்லைன்னு அர்த்தமா? வளர்றது வேற, தேறுறது வேறங்க. பூசணிக்காயும்தான் வளருது. பட்டனா போடுது?"

மனைவிக்குத் தண்ணீர்வாரியத்தில் வேலை. தொலைபேசியில் புகார் கேட்கும் பிரிவு. ஒரு நாளைக்கு நூறு பேர் திட்டினாலும் அவள் குரல் ஒரு இம்மி உயராது. அந்தக் குரலோடு மோதி ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனாலும் அன்றைக்குத் தராசுக்காரர் ஒன்று சொன்னார். சத்தம் போடாமல் சொன்னார்.

"நான் பட்டதை அவ படக் கூடாதும்மா. கால்கிலோன்னு கூப்பிட்டா நான் சிரிச்சுட்டுப் போயிடுவேன். அவளைக் கூப்பிட்டா என்னால தாங்க முடியாது."

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள்.

அன்றே வேலை ஆரம்பமானது. கூடத்துக் கதவு நிலையில் ஒரு மரக்கோலை அறைந்தார். தரை லேசாகச் சாய்வு என்று ரசமட்டம் காட்டியது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்காவிட்டால் தராசுக்காரருக்குச் சோறு இறங்காது. ஆகவே ஒரு நல்ல பலகையாகப் பார்த்து, அடியைச் சீவிச் சமன் செய்து, கோலுக்குக் கீழே போட்டார். இப்போது குமிழி நடுவில் நின்றது. கோலிலும் பலகையிலும் ஈயப்பொட்டு வைத்து முத்திரை குத்தினார்.

"இனிமே இது அரசாங்க அளவு. கடவுளே வந்து நின்னாலும் உள்ளதைத்தான் காட்டும்."

"கடவுளுக்குக் கால் சில்லுங்காது. பிஞ்சுக் கால் சில்லுங்கும்," என்று மனைவி பலகையின் மேல் ஒரு பழைய விரிப்பைப் போட்டாள். அது நாலு பக்கமும் தரை வரைக்கும் தொங்கியது.

தராசுக்காரர் விரிப்பின் கனத்தை அளந்தார். ஒரு மில்லிமீட்டர். "சரி, இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லி கழிச்சுக்குவேன். எங்கிட்ட எல்லாம் கணக்குதான்."

பிறகு திட்டம். காலையில் இரண்டு முட்டை. பள்ளி விட்டு வந்ததும் கதவுக்கு மேலே கட்டிய கம்பியில் கால் மணி நேரம் தொங்கல். மகளுக்கு உற்சாகம் வரட்டும் என்று அவரும் கூடவே தொங்கினார். தொங்கி முடித்ததும் இரண்டு மணி நேரம் கட்டாயத் தூக்கம், ஏனென்றால் தூங்கும்போதுதான் எலும்பு நீளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தெருவில் ஓடக் கூடாது. வளர்வதற்குக் கொடுத்த சத்து ஓட்டத்தில் செலவாகிவிடும்.

"அப்பா, எலும்பு எப்படிப்பா வளருது? உள்ள யார் இழுக்குறாங்க?"

"பேசாதே. பேசினாலும் சத்து போகும்."

"சத்து வாய் வழியாவா போகும்? அப்ப முட்டையும் வாய் வழியாத்தானே வருது? வழியில ரெண்டும் முட்டிக்காதா?"

"தொங்கு!"

ஞாயிறுதோறும் அளவு. முதல் ஞாயிறு நூற்று இரண்டு. இரண்டாவது ஞாயிறு நூற்று இரண்டு. மூன்றாவது ஞாயிறு நூற்று இரண்டு, முடியை அழுத்தாமல் பார்த்தால் ஒரு மில்லி கூட. பிள்ளை வளர்வதை வாரத்துக்கு வாரம் அளப்பது, பால் தயிராவதை நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்பது போலத்தான். ஆனால் அதை அவருக்கு யார் சொல்வது? அளந்து முடித்ததும் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். தலையில் கை. கண்ணில் நீர். ஞாயிறு வந்தாலே வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. கடுகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் காலை நீட்டி, அவர் காலை நீட்டச் சொல்லி, இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த மௌனத்தையும் அவர் சத்துச் சேமிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் அலுவலகத்திலிருந்து கொஞ்சம் தெம்போடு வந்தார். ஒரு பழக்கடைக்காரனைப் பிடித்திருந்தார். சாப்பிடும்போது கதை நடந்தது.

"தராசு சுத்தம். படிக்கல் சுத்தம். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ரசமட்டத்தை எடுத்து மேசைமேல வச்சேன். குமிழி ஓரமா ஓடுது! குனிஞ்சு பார்த்தா, மேசைக்கால் ஒண்ணுக்கு மட்டும் அடியில கட்டை கொடுத்திருக்கான் படவா. தராசைப் பார்க்காதே, தராசு நிக்கிற இடத்தைப் பாருன்னு அதனாலதான் சொல்றது."

"நாலு காலுக்கும் கட்டை வச்சிருந்தா, அப்பா?" என்று கேட்டாள் கடுகு.

"நாலுக்கும் சமமா வச்சிருந்தா குமிழி நடுவுலதான் நிக்கும். என்னாலயே கண்டுபிடிக்க முடியாது. ஆனா அந்த அளவு மூளை அவனுக்கு ஏது?" என்று தராசுக்காரர் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கடுகும் சிரித்தாள். அம்மா மட்டும் மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் மனைவி ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"என்னங்க, உங்க திட்டத்துக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா ஒரு முடிவு வேணும்ல? எழுதி வச்சுக்குவோம்."

"என்னன்னு?"

"படிக்கிறேன், கேளுங்க. 'முத்திரையிட்ட பலகையின் மேல் நின்று, முத்திரையிட்ட கோலில் மகள் நூற்றேழைத் தொடும் நாளிலிருந்து, கம்பி, முட்டை, கட்டாயத் தூக்கம் மூன்றும் ரத்து. அன்று முதல் தகப்பனார் தினமும் மாலை ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து, மகளோடு விளையாடி, அவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.' அவ்வளவுதான்."

தராசுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவியே நூற்றேழை நம்ப ஆரம்பித்துவிட்டாள்! "இதுல என்ன, சந்தோஷமா செய்றேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

"கையெழுத்து போதுமா? முத்திரை போட்டாத்தானே உங்க வழக்கத்துல அது நிக்கும்."

அதுவும் நியாயம்தான். முத்திரையையும் குத்தினார்.

அடுத்த ஞாயிறு நம்ப முடியாதது நடந்தது. கோலில் கடுகு முக்கால் சென்டிமீட்டர் ஏறியிருந்தாள். ஒரே வாரத்தில்! குதிகாலைப் பார்த்தார், பதிந்திருந்தது. கொண்டையைத் தடவினார், கொண்டையே இல்லை. ரசமட்டத்தை வைத்தார், குமிழி நட்டநடுவில். விரிப்புக்காக ஒரு மில்லியை மறக்காமல் கழித்தார். அப்புறம் மகளைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"முட்டைம்மா! முட்டை வேலை செய்யுது!"

"ஆமாங்க," என்றாள் மனைவி. "நல்லா வேலை செய்யுது."

அதே வாரம் ஒரு சின்ன அசம்பாவிதம். தராசுக்காரர் வீட்டுக் கேரம் பலகையில் நாலு காய் குறைந்தது. சனிக்கிழமை ஆடக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. பூட்டுக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, "போன வாரம் உங்க வீட்லதானே இருந்தது?" என்றார். "உங்க வீட்லயும் ஆடினோமே?" என்றார் இவர். "என் வீட்ல எது வச்சாலும் பூட்டிதான் வப்பேன்," என்றார் அவர். இரண்டு பேரும் கொஞ்சம் முறைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாதம் இன்னொரு முக்கால் சென்டிமீட்டர். இன்னும் நாலு காயைக் காணோம். பூட்டுக்காரர் விளையாட வருவதை நிறுத்திவிட்டார்.

நாலாம் மாதம் தராசுக்காரர் வாழ்க்கையில் ஒரு அற்புதம் நிகழ்ந்தது. காலையில் சவரம் செய்யப் பலகைமேல் ஏறினார். குதிகாலைத் தூக்காமலே மோவாய் தெரிந்தது. கீழே இறங்கி, மறுபடியும் ஏறிப் பார்த்தார். தெரிந்தது. மோவாய்க்குக் கீழே கழுத்தில் ஒரு மச்சம் இருப்பதைக்கூட நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார்.

"இங்க வாம்மா! ஓடி வா! நான்... நான் வளர்ந்திருக்கேன்!"

"இந்த வயசுலயா?"

"கம்பி! தினமும் அவகூடத் தொங்குறேன்ல? பாரு, மச்சம் தெரியுது!"

மனைவி எட்டிப் பார்த்தாள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். "ஆமாங்க. எனக்கே தெரியுது. கழுத்தெல்லாம் நீண்டுட்ட மாதிரி இருக்கு."

அன்று முதல் அவர் மோவாயில் வெட்டுக்காயம் இல்லை. அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். யாரோ பின்னால் கால்கிலோ என்று சொன்னபோது, திரும்பிப் பார்த்து, "முந்நூறு கிராம்," என்றார். தன்னை அளந்து பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. சிலவற்றை அளக்காமல் வைத்திருப்பதே நல்லது என்று அந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் புரிந்திருந்தது. கேரம் பலகையில் அப்போது ஏழு காய்தான் பாக்கி. அதைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமில்லை.

ஆறாம் மாதக் கடைசி ஞாயிறு. கடுகு பலகையில் ஏறி மூச்சைப் பிடித்து நின்றாள். தராசுக்காரர் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு மில்லி கழித்தார். இம்மி கூடாமல் குறையாமல் நூற்றேழு.

அவர் அழுதார். இந்த முறை ஆனந்தக் கண்ணீர். கடுகு அவசரமாக அம்மாவிடம் ஓடி, "அம்மா, நூத்தியேழு வந்தும் அழறாரே!" என்றாள்.

மறுநாள் மருத்துவமனை முறை. அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தராசுக்காரர் குடும்பத்தோடு போனார். பூட்டுக்காரரும் ஏணியோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காய் திருட்டுப்போன நாளிலிருந்து பேச்சில்லை. ஆனால் ஏணியின் சட்டைப் பட்டன் எல்லாம் ஒரு ஓட்டை மாறிப் போட்டிருப்பதைப் பார்த்த கடுகு, நேராக எழுந்து போய், கீழிருந்து மேலாகச் சரிசெய்தாள். மேல் பட்டன் எட்டவில்லை. "குனி," என்றாள். ஏணி குனிந்தான்.

பூட்டுக்காரர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கோபம் எல்லாம் எங்கோ போய்விட்டது. "உங்களுக்கென்ன தராசு, கொடுத்து வச்சவர். எங்க வீட்ல தினமும் இதே பேச்சு. அடுத்த வீட்டுக் கடுகு எப்படிக் கணீர்னு கேள்வி கேக்குது, இவன் கேட்டதுக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்றதில்லையேன்னு. வளர்ந்திருக்கான், சார். இன்னும் தேறல."

தராசுக்காரருக்கு இதைக் கேட்கப் பொறுமை இல்லை. நூற்றுப் பதின்மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கவலைப்படுவதாவது!

நர்ஸம்மா கடுகைச் சுவரோரக் கோலில் நிறுத்தி அளந்தார். "நூத்தி நாலு, எட்டு மில்லி."

"என்னது?"

"நூத்தி நாலு புள்ளி எட்டு. நல்லா அவ கோட்டுலயே ஏறியிருக்கா."

"நர்ஸம்மா, நேத்து நூத்தியேழு! முத்திரை போட்ட கோல்ல! உங்க கோல்தான் பொய். நான் யார் தெரியுமா? எடையளவு ஆய்வாளர். இந்த நிமிஷமே இதைப் பறிமுதல் பண்ணலாம். இதுக்கு முத்திரை போட்டது எவன்? காட்டுங்க!"

நர்ஸம்மா கோலின் அடியில் இருந்த பித்தளைத் தகட்டைக் காட்டினார். தராசுக்காரர் குனிந்தார். போன மாதத் தேதி. முத்திரை எண். அந்த எண் அவருடைய எண்.

குனிந்தவர் நிமிர வெகு நேரம் ஆனது. மருத்துவமனைக் கோல் பொய் என்றால் அவர் முத்திரை பொய். வீட்டுக் கோல் பொய் என்றாலும் அவர் முத்திரை பொய். இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தராசுக்காரர் இரண்டு தட்டுக்கும் நடுவில் முள்ளாக மாட்டிக்கொண்டு ஆடினார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நர்ஸம்மா அட்டையைத் திருப்பினார். பின்பக்கம். மேசைமேல் சில மரக்கட்டைகளைப் பரப்பி, "கோபுரம் கட்டுவியாம்மா?" என்று கேட்டார்.

"ஓ, கட்டுவேனே! வீட்ல நாலு கட்டியிருக்கேன். கேரம் காய்ல. ஒண்ணு மேல ஒண்ணு மூணு. நாலும் ஒரே உயரம். கோந்து போட்டு ஒட்டிட்டேன்."

"அடேயப்பா! எதுக்கு?"

"அது மேலதான் அப்பாவோட பலகை நிக்குது. பலகையை அம்மா தூக்கினாங்க. காய் நான் வச்சேன். நாலு காலுக்கும் சமமா வச்சா கண்டுபிடிக்க முடியாதுன்னு அப்பாதான் சொன்னார்."

கண்ணில் மண்ணைத் தூவ ஒரு ஆள் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த ஆள் பிறந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். மனைவி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவை ஏமாத்தலாமாம்மா?" என்று நர்ஸம்மா மெல்லக் கேட்டார்.

கடுகு யோசித்தாள். "ஏமாத்தல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்பா வாசப்படியில உக்காந்து அழுவார். என்னால சீக்கிரம் வளர முடியல. நானும் எவ்வளவோ தொங்கிப் பார்த்தேன். அதான்."

நர்ஸம்மா பேனாவை எடுத்தார். எண்ணிச் சமமாகப் பிரிப்பது, ஒரு டிக். கேட்டதை நினைவில் வைத்து வேறு இடத்தில் பயன்படுத்துவது, ஒரு டிக். அடுத்தவர் என்ன நினைப்பார் என்று ஊகிப்பது, ஒரு டிக். பிறர் வருத்தம் கண்டு தேற்ற முயல்வது என்ற இடத்தில் கொஞ்சம் நிதானித்து, அழுத்தமாக ஒரு டிக்.

"பின்பக்கம் முழுசா நிரம்பிடுச்சு சார். ரெண்டு வருஷம் கழிச்சு வரவேண்டியதுகூட இப்பவே வந்துருக்கு," என்று அட்டையை நீட்டினார். தராசுக்காரர் அதை வாங்கினார். முதல் தடவையாகப் பின்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டார். படிக்கத்தான் முடியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

வீடு வந்து சேரும்போது துக்கம் வடிந்து ரோஷம் ஏறியிருந்தது.

"ஒப்பந்தம் செல்லாது!"

மனைவி காகிதத்தை எடுத்து நீட்டினாள். "எந்த இடத்துல செல்லாதுன்னு காட்டுங்க. முத்திரையிட்ட பலகை. இருக்கு. மேல நின்னாளா? நின்னா. முத்திரையிட்ட கோல். இருக்கு. நூத்தியேழைத் தொட்டாளா? தொட்டா. பலகைக்கு அடியில என்ன இருக்கணும்னு இதுல எங்கயாவது இருக்கா?"

"இது மோசடி!"

"கீழ உங்க முத்திரை இருக்கு. ஒரு வருஷத்துக்கு யாரும் கேள்வி கேக்கக் கூடாது. நீங்களே கேக்கக் கூடாது. உங்க சட்டம்தான், நான் சொல்லல."

புகார் பிரிவுக் குரல். ஒரு இம்மிகூட உயரவில்லை. தராசுக்காரர் போய்க் கதவுக்கு மேலே இருந்த கம்பியைக் கழற்றினார்.

சாயங்காலம் ஆறு மணி. ஒப்பந்தப்படி தகப்பனார் தரையில் உட்கார்ந்தார். கடுகு கேரம் பலகையை இழுத்து வந்தாள். முத்திரைப் பலகையைப் புரட்டிப் போட்டு, கோபுரங்களைப் பிரித்து, கோந்தைச் சுரண்டிக் காய்களைக் கொட்டினார்கள். உட்கார்ந்தபடியே பார்த்ததில் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்தால் அவருக்கும் மகளுக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அது அத்தனை மோசமாகவும் இல்லை.

"அப்பா, எலும்பை உள்ள யார் இழுக்குறாங்க?"

"யாரும் இழுக்கலம்மா. அதுவா வளருது."

"அதுவா வளருதுன்னா நாம எதுக்குத் தொங்கினோம்?"

ஒப்பந்தப்படி பதில் சொல்ல வேண்டும். பேச்சை மாற்ற அவர் காய்களை எண்ண ஆரம்பித்தார். பலகைக்கு அடியிலிருந்து வந்தது பன்னிரண்டு. பெட்டியில் மிச்சம் இருந்தது, சிவப்பையும் சேர்த்து மூன்று. பதினைந்து. மொத்தம் பத்தொன்பது இருக்க வேண்டும். திரும்பவும் எண்ணினார். ஆய்வாளர் புத்தி போகுமா?

"நாலு குறையுதே. பாக்கி நாலு எங்க?"

மனைவிக்குத் திடீரென்று அடுப்படியில் அவசர வேலை வந்துவிட்டது. கடுகு அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவர் முழங்காலைத் தடவிக்கொடுத்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"அது, நீ நின்னு சவரம் பண்ற பலகைக்கு அடியில இருக்குப்பா. எடுத்துட்டா அழ மாட்டியே?"